மரை கழலாத மனிதர்: டூலியோ காம்பன்யோலோ

ஒரு பழைய இத்தாலிய ரேஸ் சைக்கிள் எப்படியோ உங்க கைக்கு வந்துடுச்சுன்னு வெச்சுக்கோங்க. 1970களின் தொடக்கத்தில் செய்தது. மெல்லிய ஸ்டீல் ஃபிரேம். கியர் மாத்துற லீவர் ஹேண்டில்பார்ல இல்ல, ஃபிரேமோட சாய்வுக் குழாய்ல இருக்கு. செயின் துருப்பிடிச்சு விறைச்சுப் போயிருக்கு. ஃப்ரீவீல் பல் ஒவ்வொன்றும் சுறா மீன் பல் மாதிரி ஒரு பக்கமா சாய்ஞ்சு தேய்ஞ்சிருக்கு. பெடல் மிதிக்கிற இடத்துல, அதாவது பி.பி. கப்புக்குள்ள, கரகரன்னு சத்தம். தெரு முனை சைக்கிள் கடையில கொண்டுபோய் நிறுத்தினா, கடைக்காரர் ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, இதுக்கெல்லாம் பார்ட்ஸ் கிடைக்காது தம்பின்னு கையை விரிச்சுடுவார்.

கிடைக்கும். ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி இன்னொரு கண்டத்தில் செய்த வண்டிக்கு இன்றைக்கும் பார்ட்ஸ் பொருந்துது. அதற்கு ஒரு பெரிய காரணம், அந்த வண்டியின் பின்பக்கக் கியர் கருவியில் பொறித்திருக்கும் பெயருக்குச் சொந்தக்காரர். எழுத்தைப் பார்த்து காம்பக்னோலோன்னு படிச்சுடாதீங்க. இத்தாலியர்கள் வாயில் அது காம்பன்யோலோ. இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. நடுவுல உங்க சைக்கிளையும் கொஞ்சம் கழட்டி மாட்டுவோம்.

டூலியோ காம்பன்யோலோ 1901 ஆகஸ்ட் 26 அன்று வடகிழக்கு இத்தாலியின் விசென்சா நகரில் பிறந்தார். கட்டடக்கலை படிக்கிற நண்பர்களுக்கு அந்த ஊர் தெரிந்திருக்கும், பல்லாடியோவின் ஊர். டூலியோவின் அப்பா அங்கே ஒரு இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். பையன் வளர்ந்தது ஆணி, நட்டு, போல்ட்டு, அரம், ஸ்பேனர் இவற்றுக்கு நடுவே. நம்ம மாதிரி மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் ஒர்க்‌ஷாப்ல முதல் தடவை அரத்தைத் தொட்ட ஆள் இல்லை அவர். பொறியியல் பட்டம் எதுவும் வாங்கவில்லை. கற்றதெல்லாம் கடையிலும் சாலையிலும்தான்.

சாலை என்றால் சைக்கிள் பந்தயச் சாலை. இருபது வயதைத் தாண்டியதும் அமெச்சூர் பந்தயங்களில் ஓட ஆரம்பித்தார். நல்ல ஓட்டக்காரர்தான், ஆனால் பேர் சொல்லும் சாம்பியன் இல்லை. அந்தக் காலப் பந்தய சைக்கிள் எப்படி இருந்ததுன்னு தெரிஞ்சாத்தான் இவர் கதை புரியும். கியர் மாற்றும் கருவி கிடையாது. பின் சக்கரத்தின் ஹப்பில் இரண்டு பக்கமும் பல்சக்கரம் இருக்கும். ஒரு பக்கம் சமதரைக்கு, மறுபக்கம் மலைக்கு. மேடு வந்ததும் ஓட்டக்காரர் இறங்கி, பின் சக்கரத்தின் விங் நட்டுகளைக் கையால் கழற்றி, சக்கரத்தை உருவி, திருப்பிப் போட்டு, செயினை மாட்டி, நட்டை முடுக்கி, மறுபடி ஏறணும். பந்தயத்துக்கு நடுவுல!

இனி எல்லாரும் சொல்லும் அந்தக் கதை. நவம்பர் மாதம், கிரான் பிரெமியோ டெல்லா விட்டோரியா என்ற பந்தயம். டோலமைட் மலைகளின் தெற்கு ஓரத்தில், சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் குரோச்சே டவுனே என்றொரு கணவாய். பனி கொட்டுது. டூலியோ முன்னணியில் இருக்கார். மலைக்கான பல்சக்கரத்துக்கு மாறணும், இறங்குறார். விங் நட்டு பனியில் உறைந்து கிடக்குது, விரல்கள் மரத்துப் போச்சு. திருகத் திருக அசையலை. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருத்தரா கடந்து போறாங்க. பின்பக்கம் எதையாவது மாற்றியாகணும் என்று அவர் தன் வட்டார மொழியில் முணுமுணுத்ததாகச் சொல்வார்கள்.

அருமையான கதை. ஆனா கொஞ்சம் நிதானமாத்தான் நம்பணும். இது 1924-ல் நடந்தது என்கிறார்கள் சிலர், 1927 என்கிறார்கள் சிலர். பழைய ஆவணங்களைத் தோண்டிய சைக்கிள் வரலாற்று ஆர்வலர்களுக்கு இது அப்படியே ஒத்து வரவில்லை. ஒரு கம்பெனி தன் பிறப்பைப் பற்றிச் சொல்லும் கதை பெரும்பாலும் சினிமாவின் முதல் சீன் மாதிரித்தான் இருக்கும். அந்தக் கணவாயின் உச்சியில் இப்போது அவருக்கு ஒரு நினைவுச்சின்னமே நிற்கிறது, அதனால் கதை இனி மாறப்போவதில்லை. எனக்கு அந்த நாளின் தேதி முக்கியமாகப் படவில்லை. உறைந்த நட்டு என்ற தொல்லை அன்றைக்கு ஒவ்வொரு ஓட்டக்காரருக்கும் இருந்தது. அதற்கு இவர் தீர்வு கண்டார், அது நிஜம்.

அந்தத் தீர்வுதான் குயிக் ரிலீஸ். 1930களின் தொடக்கத்தில் வந்தது. இன்றைக்கு ஏதாவது கியர் சைக்கிளின் சக்கர நடுவில் பார்த்தால் ஒரு சின்ன லீவர் இருக்கும். அதை மடக்கினால் சக்கரம் இறுகும், விரித்தால் கழன்றுவிடும். உள்ளே என்ன நடக்குதுன்னு பாருங்க. ஆக்சில் உள்ளீடற்ற குழாய். அதன் வழியே ஒரு மெல்லிய கம்பி போகிறது. ஒரு முனையில் மரையிட்ட நட்டு, மறுமுனையில் லீவரோடு சேர்ந்த ஒரு கேம். மையம் விலகிய அந்த வட்டத்தைப் பாதிச் சுற்று திருப்பினால் கம்பி ஓரிரு மில்லிமீட்டர் இழுபடும். ஃபிரேமின் பிளவை இரண்டு பக்கமும் அது நசுக்கிப் பிடிக்கும். கேம் உச்சியைத் தாண்டியபின் தானாகத் திரும்பி வராது. கைனமேடிக்ஸ் பேப்பரில் நாம படம் வரைஞ்சு மார்க் வாங்குற அதே சமாச்சாரம்தான். ஸ்பேனர் வேண்டாம், விரல் பலம் வேண்டாம், நட்டைச் சுற்றிச் சுற்றிக் கழற்றவும் வேண்டாம்.

1933-ல் அப்பாவின் கடைக்குப் பின்னால் சொந்தத் தொழிலைத் தொடங்கினார். பெரிய ஃபாக்டரி எல்லாம் இல்லை. முதல் முழுநேரத் தொழிலாளியை வேலைக்குச் சேர்த்ததே 1940-ல்தான். ஏழு வருஷம் கிட்டத்தட்ட ஒற்றை ஆள் கம்பெனி. இன்றைக்கு ஸ்டார்ட்-அப் செல்லில் பிட்ச் டெக் போடுறவங்க கவனத்துக்கு.

பிரச்சினையில் பாதிதான் தீர்ந்திருந்தது. சக்கரத்தைச் சீக்கிரம் கழற்றலாம் சரி, கழற்றாமலே கியர் மாற்ற முடியாதா? பிரான்சில் உலாப் பயணம் போகும் சைக்கிள்காரர்கள் வெகுநாளாகவே செயினைத் தள்ளி மாற்றும் டிரெய்லியர் கருவிகளைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். பந்தயக்காரர்கள்தான் வீம்பு பிடித்தார்கள். டூர் டி பிரான்ஸில் டிரெய்லியருக்கு 1937 வரை அனுமதியே இல்லை. கியர் என்பது சோம்பேறிகளுக்கானது என்பது அந்தப் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி டெக்ரான்ஜின் எண்ணம்.

காம்பன்யோலோ கொடுத்த பதில் காம்பியோ கோர்சா. 1940களில் பந்தயங்களில் ஓடியது. யூடியூபில் தேடி ஒரு தடவையாவது பாருங்க, சர்க்கஸ் மாதிரி இருக்கும். சீட்டுக்குக் கீழே பின் சக்கரம் நோக்கி இறங்கும் குழாயை ஒட்டி இரண்டு நீளக் கம்பிகள். ஓட்டிக்கொண்டே கையைப் பின்னால் விட்டு, ஒரு கம்பியைத் திருப்பிக் குயிக் ரிலீஸைத் தளர்த்தணும். பெடலைப் பின்னோக்கி மிதிச்சபடி இன்னொரு கம்பியால் செயினை அடுத்த பல்சக்கரத்துக்குத் தள்ளணும். செயினின் தொய்வை இழுக்க ஸ்பிரிங் கிடையாது, பின் சக்கரமே பிளவுக்குள் முன்னும் பின்னும் நகர்ந்து இறுக்கத்தைச் சரிசெய்யும். சக்கரம் கோணலாகிவிடாமல் இருக்க ஆக்சிலிலும் பிளவிலும் பற்கள் வெட்டியிருக்கும். கடைசியாக முதல் கம்பியை மடக்கிச் சக்கரத்தைப் பூட்டணும். இவ்வளவையும் மலைச்சாலையில் ஓடும் வண்டியில்! ஜீனோ பார்த்தாலி 1948-ல் டூர் டி பிரான்ஸை ஜெயித்தது இந்தக் கருவியோடுதான். இரண்டு கம்பியை ஒன்றாக்கிய அடுத்த மாடலோடு ஃபௌஸ்டோ கோப்பி 1950-ல் பாரிஸ்-ரூபே பந்தயத்தை வென்றார், அந்த மாடலுக்கே பாரிஸ்-ரூபே என்று பெயர் வந்தது.

நம்ம விஷயத்துக்கு இதுல ஒரு பாடம் இருக்கு. காம்பியோ கோர்சா வண்டி யார் கையிலாவது கிடைத்தால், அதன் உதிரிபாகம் தேடுவது பெரும்பாடு. பல் வெட்டிய பிளவு ஃபிரேமோடு சேர்ந்தது, அதற்கேற்ற ஆக்சில் ஹப்போடு சேர்ந்தது. ஒன்று போனால் வேறெதையும் வைத்து ஒப்பேற்ற முடியாது. அடுத்து செய்தவற்றில் காம்பன்யோலோ அந்த வழியில் போகவில்லை.

1949-ல் மிலான் கண்காட்சியில் ஒரு மாதிரியைக் காட்டினார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அது கிரான் ஸ்போர்ட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கேபிளை இழுத்தால் ஓர் இணைகர அமைப்பு சாய்ந்து, இரண்டு குட்டிச் சக்கரங்களைத் தாங்கிய கூண்டைப் பக்கவாட்டில் நகர்த்தும், கூண்டில் உள்ள ஸ்பிரிங் செயினை இழுத்துப் பிடிக்கும். இப்போ உங்க ஹாஸ்டல் ஸ்டாண்டில் நிற்கும் எந்தக் கியர் சைக்கிளின் பின்பக்கத்தைப் பார்த்தாலும் இதே நான்கு இணைப்புச் சட்டம்தான்.

பல கட்டுரைகள் இந்த இடத்தில் இவர்தான் இணைகர டிரெய்லியரைக் கண்டுபிடித்தவர் என்று எழுதிவிடும். தப்பு. பிரான்சில் நிவெக்ஸ் என்ற இணைகர டிரெய்லியர் 1930களிலேயே வந்துவிட்டது. சிம்ப்ளெக்ஸ் கம்பெனி ஏராளமான டிரெய்லியர்களை விற்றுக்கொண்டிருந்தது. காம்பன்யோலோவின் பெருமை முதலாவதாக வந்ததில் இல்லை. மூன்று வண்டியில் வேலை செய்யும் ஒரு யோசனையை மூன்று லட்சம் வண்டியில் வேலை செய்ய வைப்பது வேறு கலை. நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டெமோ அன்னைக்கு மட்டும் ஓடி, அடுத்த நாள் படுத்துக்கிற ரகசியம் தெரிஞ்சவங்களுக்கு இது புரியும்.

அந்தக் கலையை அவர் எப்படிச் செய்தார் என்பதுதான் இந்த வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பின் சக்கர ஆக்சில் உட்காரும் அந்தப் பிளவு இருக்கே, அதை டிராப்-அவுட் என்பார்கள். ஃபிரேம் செய்பவர் அதை வெளியில் வாங்கிக் குழாயில் பற்றவைப்பார். காம்பன்யோலோ டிரெய்லியர் மட்டும் விற்கவில்லை, அடித்து வார்த்த டிராப்-அவுட்டையும் ஃபிரேம்காரர்களுக்கு விற்றார். அதிலேயே டிரெய்லியரைத் திருகும் காது இருந்தது. 10 மி.மீ. துளை, உள்ளே மரை, கீழே டிரெய்லியர் சாய்ந்து நிற்க ஒரு சின்ன நிறுத்தம். நல்ல டிராப்-அவுட் வேண்டும் என்று வாங்கிய ஒவ்வொரு ஃபிரேம்காரரும் தெரிந்தோ தெரியாமலோ காம்பன்யோலோ அளவுக்கு வண்டி செய்தார். போட்டிக் கம்பெனியான சிம்ப்ளெக்ஸின் டிராப்-அவுட்டில் மரையே கிடையாது, வெறும் துளை. பிறகு ஜப்பானில் இருந்து சன்டூரும் ஷிமானோவும் உலகச் சந்தைக்கு வந்தபோது, ஏற்கனவே ஓடும் வண்டிகளில் மாட்ட வேண்டுமே என்று அதே காதுக்குப் பொருந்தும்படி செய்தார்கள். உங்க 1972 இத்தாலிய வண்டியில் இன்றைய சாதாரண டிரெய்லியர் ஒன்றைத் திருகினால் அது உட்காருவதன் காரணம் இதுதான்.

கணக்குப் பிரியர்களுக்கு: பழைய காம்பன்யோலோ மரை அங்குலத்துக்கு 26. இன்றைய மரை 1 மி.மீ. இடைவெளி. 25.4-ஐ 26-ஆல் வகுத்தால் 0.977. எட்டு மரைக்குச் சேரும் வித்தியாசம் 0.2 மி.மீ.கூட வராது, அதனால் பொருந்திவிடும்.

எல்லா மரையும் இப்படி மன்னிக்காது. பி.பி.க்கு வாங்க. இத்தாலிய ஃபிரேமில் அந்தத் துளையின் விட்டம் 36 மி.மீ., மரையோ அங்குலத்துக்கு 24. விட்டத்துக்கு மீட்டர் கணக்கு, மரைக்கு அங்குலக் கணக்கு, ரெண்டும் ஒரே துளையில! ஆங்கிலேய ஃபிரேமில் 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24. பிரெஞ்சு ஃபிரேமில் 35 மி.மீ., 1 மி.மீ. இடைவெளி. அங்குலத்துக்கு 24 என்றால் ஒரு மரை 1.058 மி.மீ. இதை 1 மி.மீ. மரையில் திருகினால் பத்து மரைக்குள் அரை மரைக்கு மேல் விலகிவிடும். பலவந்தமா முடுக்கினீங்கன்னா ஃபிரேமோட மரை கழண்டு போகும், அப்புறம் நமக்கும்.

இத்தாலிய பி.பி.யில் இன்னொரு குணம் உண்டு. இரண்டு பக்கமும் வலது மரை. ஆங்கிலேய முறையில் செயின் பக்கம் இடது மரை. மிதிக்கும்போது பால்ரஸ் கப்புக்குள் உருளுவதால் கப் மெல்ல எதிர்த்திசையில் ஊர்ந்து திரும்பப் பார்க்கும். ஆங்கிலேய மரையில் அது தானாக இறுகும். இத்தாலிய மரையில் செயின் பக்கக் கப் தளரும். அதனால் அந்தக் கப்பைப் பெரிய ஸ்பேனர் வைத்து நன்றாக முடுக்கணும். இந்த வலது மரை காம்பன்யோலோவின் குற்றம் இல்லை, இத்தாலிய ஃபிரேம் மரபு அது.

அவர் என்ன செய்தார்? இத்தாலிய, ஆங்கிலேய, பிரெஞ்சு மரைகளில் தனித்தனி பி.பி. கப்புகள் செய்து விற்றார். ஹப்புகளையும் அப்படியே. கப்பின் முகத்தில் 36 x 24 என்றோ 1.370 x 24 என்றோ பொறித்திருக்கும். உங்க வண்டியில் அழுக்கைத் துடைத்துவிட்டு முதலில் அதைப் படிங்க, ஆன்லைனில் ஆர்டர் போடுவது அப்புறம். ஊருக்கு ஒரு மரை இருந்த காலத்தில் உலகத்தையே ஒரு மரைக்கு மாற்றுகிறேன் என்று கிளம்பாமல், அவரவர் மரைக்குத் தன் பொருளைத் தந்தவர் இவர். அதனால்தான் ஆங்கிலேய ஃபிரேமிலும் பிரெஞ்சு ஃபிரேமிலும் விசென்சாவின் பாகங்கள் ஓடின.

அடுத்தது அந்த மரப்பெட்டி. பந்தய மெக்கானிக்குகளுக்கும் நல்ல கடைகளுக்கும் அவர் விற்ற கருவிப்பெட்டி அது. உள்ளே வெல்வெட் மெத்தையில் வைத்த நகைமாதிரி கருவிகள் வரிசையாக இருக்கும். பி.பி. துளைக்கு மரை வெட்ட, அதன் இரு முகங்களையும் இணையாகச் சீவ, டிராப்-அவுட் நேராக நிற்கிறதா என்று பார்க்க. ஃபிரேம் கோணலாக இருந்தால் எவ்வளவு நல்ல பாகமும் உருப்படாது என்பது இரும்புக்கடைப் பையனுக்குத் தெரியாதா என்ன?

கேட்டலாக்கும் அப்படித்தான். ஒரு ஹப் என்றால் அதன் கூம்பு, நட்டு, வாஷர், தூசு மூடி ஒவ்வொன்றுக்கும் தனி எண். டிரெய்லியரின் ஒற்றை ஸ்க்ரூவுக்குக்கூட எண் உண்டு. அந்த எண்ணைச் சொல்லி அதை மட்டும் வாங்கலாம். ஒரு ஸ்பிரிங் போனதற்கு மொத்தக் கருவியையும் தூக்கிப் போட வேண்டாம். பேட்டரி வீக்கானால் போனையே மாற்றும் நமக்கு இது விசித்திரமாகத் தெரியலாம்.

1958-ல் ரெக்கார்ட் என்ற பெயரில் அலுமினியக் கிராங்க் வந்தது. நம்ம ஊர் ரோட்ஸ்டரில் காட்டர் பின் அடித்து மாட்டுவோமே, அது இல்லாத கிராங்க். சதுர முனை ஆக்சிலில் அழுத்தி போல்ட் போடுவது. 1963-ல் ரெக்கார்ட் டிரெய்லியர், 1967-ல் அதன் அலுமினிய வடிவமான நுவோவோ ரெக்கார்ட், 1968-ல் பிரேக். ஒரு வண்டிக்கு வேண்டிய உலோக பாகங்களை ஒரே குடும்பமாகச் செய்து தரும் வழக்கம் இப்படி முழுமையானது. பத்து, பதினைந்து வருஷம் பெரிய பந்தயங்களில் இவரை மீற ஆளில்லை.

கிராங்க் வாங்குபவர்கள் ஒன்றைப் பார்க்கணும். முதலில் வந்த ரெக்கார்ட் கிராங்கில் செயின் வீலை மாட்டும் ஐந்து போல்ட்டுகளின் வட்ட விட்டம் 151 மி.மீ. பல் எண்ணிக்கை 44-க்குக் கீழே போகாது. 1967 வாக்கில் அது 144 ஆனது, 41 வரை இறங்கலாம், வழக்கமாக 42. ஏழு மில்லிமீட்டர்தானே என்று கண்ணளவில் வாங்கினால் போல்ட் துளை சேராது. சதுர முனையிலும் ஒரு சூட்சுமம். ஜப்பானிய முறையும் ஐரோப்பிய முறையும் ஒரே சாய்வுதான், ஆனால் முனையின் பருமன் வேறு. காம்பன்யோலோ கிராங்கை ஜப்பானிய முறை ஆக்சிலில் மாட்டினால் சுமார் நாலரை மி.மீ. வெளியே தள்ளி நிற்கும், செயின் கோணலாக ஓடும்.

இன்னொரு செய்தி பலருக்கு ஆச்சரியமா இருக்கும். சீக்கிரம் தேயும் பாகங்களான செயினையும் ஃப்ரீவீலையும் அந்தப் பொற்காலத்தில் காம்பன்யோலோ செய்யவே இல்லை. பெரும்பாலும் இத்தாலியின் ரெஜினா கம்பெனியுடையதைத்தான் ஓட்டக்காரர்கள் மாட்டினார்கள். செயின் கண்ணி இடைவெளி அரை அங்குலம் என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான். ஆகவே உங்க பழைய வண்டிக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண ஆறு, ஏழு கியர் செயினே போதும். பழைய செயினில் 24 கண்ணியை அளந்து பாருங்க, 12 அங்குலம் வரணும். பதினாறில் ஒரு அங்குலம் கூடினால் செயினை மாற்றணும், எட்டில் ஒன்று கூடினால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும்.

ஃப்ரீவீல் மரையில் ஆங்கிலேய முறை 34.8 மி.மீ., இத்தாலிய முறை 35, இரண்டுமே அங்குலத்துக்கு 24. பெரும்பாலும் ஒன்றில் ஒன்று ஏறிவிடும், ஆனால் மாற்றி மாற்றிப் போடக்கூடாது. பிரெஞ்சு மரை மட்டும் 34.7 மி.மீ., 1 மி.மீ. இடைவெளி, அதோடு விளையாடாதீங்க. நம்ம ஊர் ரோட்ஸ்டர் ஃப்ரீவீலின் மரையும் பிரிட்டிஷ் வழியில் வந்த அதே 1.37 அங்குலம், 24தான். கழற்றும் கருவி ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு, அதன் வாய் சரியாகப் பொருந்தணும். சக்கரத்தின் ஸ்போக்ஸை முதலில் வெட்டிவிட்டால் ஹப்பைப் பிடிக்க வழியில்லாமல் ஃப்ரீவீல் ஜென்மத்துக்கும் வராது. இடமும் பார்க்கணும்: ஐந்து கியர் காலத்து ஃபிரேமில் பின் பிளவுகளுக்கு இடையே 120 மி.மீ., அடுத்து வந்ததில் 126. ஏழு கியர் ஃப்ரீவீல் 126-க்குத்தான்.

இவ்வளவு புகழ்ந்தாச்சு, குறையையும் சொல்லணும். ரெக்கார்ட் கிராங்கில் கை வந்து ஐங்கால் பகுதியோடு சேரும் இடத்தில் ஒரு கூர்மையான மடிப்பு இருக்கும். அங்கே அழுத்தம் குவிந்து, பல ஆயிரம் கிலோமீட்டர் மிதித்தபின் களைப்பு விரிசல் விழும். இது ஒன்றிரண்டு வண்டியில் கண்ட குறை இல்லை, பழைய சைக்கிள் பழுதுபார்க்கும் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனாலும் அந்த வடிவம் ஏறத்தாழ மாறாமல் வருஷக்கணக்கில் தொடர்ந்தது. எடை குறைக்க என்று சூப்பர் ரெக்கார்டில் கொடுத்த டைட்டானியம் பி.பி. ஆக்சில்களும் உடைவதில் பேர் பெற்றவை. மாறாமல் இருப்பது பார்ட்ஸ் தேடுபவருக்கு வரம், வடிவமைப்பில் தவறு இருந்தால் அதுவே சாபம். வாங்குமுன் அந்த மடிப்பைத் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்க. மயிரிழை தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது கிராங்க் ஒடிந்தால் விழுவது முகம் குப்புறத்தான்.

சைக்கிளோடு அவர் நிற்கவில்லை. மக்னீசியம் வார்ப்பில் இறங்கி, கார்களுக்குச் சக்கரம் செய்தார், லம்போர்கினி மியூராவின் சக்கரங்கள் இவர் கம்பெனியுடையவை. 1966-ல் ஒயின் பாட்டில் தக்கை திருகிக்குப் பெரிய வெண்கல நிறக் கருவி ஒன்றும் வந்தது. தக்கை வராமல் தகராறு செய்ததில் கோபம் வந்து செய்தார் என்பார்கள். உறைந்த நட்டுக் கதையின் தம்பி மாதிரி இருக்கு இல்ல?

எடி மெர்க்ஸ் 1972 அக்டோபரில் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டியபோதும் வண்டியில் இருந்தவை காம்பன்யோலோ பாகங்கள். அதற்கும் முன்பே, 1964-ல், ஜப்பானில் சன்டூர் கம்பெனி இணைகரத்தைச் சற்றுச் சாய்த்து வைத்தது. சாய்த்ததால் குட்டிச் சக்கரம் சிறிய பல்லிலும் பெரிய பல்லிலும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நின்றது, கியர் சுத்தமாக விழுந்தது. விலையும் குறைவு. விசென்சாவில் அதைச் செய்யவில்லை. காப்புரிமை ஒரு தடை, பந்தயமெல்லாம் நாமே ஜெயிக்கிறோமே என்ற நினைப்பு இன்னொரு தடையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

டூலியோ காம்பன்யோலோ 1983 பிப்ரவரியில் காலமானார், வயது 81. கம்பெனிக்கு அது ஐம்பதாவது ஆண்டு. பொறுப்பு மகன் வாலென்டினோவுக்கு வந்தது. அடுத்த வருஷமே, 1984-ல், சன்டூரின் காப்புரிமை காலாவதியானது. ஷிமானோ அந்தச் சாய்வை எடுத்துக்கொண்டு, லீவரில் டக் டக்கென்று நிற்கும் படிகளையும் சேர்த்து விற்க ஆரம்பித்தது. இனி கியரை விரலால் தடவித் தேட வேண்டாம். காம்பன்யோலோ கம்பெனி சிங்க்ரோ என்ற பெயரில் பழைய டிரெய்லியரோடு படி லீவரைச் சேர்த்துப் பார்த்தது, சரியாக அமையவில்லை. மீண்டு வர வருஷங்கள் ஆயின.

படி வைத்த கியரில் லீவர் எவ்வளவு கேபிள் இழுக்கும், டிரெய்லியர் அதற்கு எவ்வளவு நகரும், பல்சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்ற மூன்றும் ஒத்துப்போகணும். ஒன்று மாறினால் மற்றதும் மாறணும், கம்பெனி விட்டுக் கம்பெனி கலக்க முடியாது. உங்க 1970கள் வண்டியின் லீவரில் படி இல்லை, உராய்வில் நிற்பது. எத்தனை பல்சக்கரம், யார் செய்தது என்றெல்லாம் அது கேட்காது, விரல் எங்கே நிறுத்துகிறதோ அங்கே நிற்கும். அதனால் கடையில் கிடைக்கும் ஆறு கியர் ஃப்ரீவீலையும் புதுச் செயினையும் போட்டுவிட்டு, பின்பக்க டிரெய்லியரைத் துடைத்து எடுங்க. நுவோவோ ரெக்கார்டாக இருந்தால் பெரும்பாலும் அதன் மேல் காப்புரிமை என்ற சொல்லோடு இரண்டு இலக்கம் பொறித்திருக்கும். 72 என்று இருந்தால் அது 1972-ல் விசென்சாவில் செய்தது. அதன் ஸ்பிரிங்குக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுங்க.